மண்டைக்குள் பஞ்சு அடைத்தது போல இருக்கிறதா? பவுடர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: எனக்கு 42 வயது. தக்கலை பக்கம் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கணவர் சவூதியில் டிரைவர். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளியில் படிக்கிறார்கள். ஆறேழு மாதமாக மண்டைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. போன வாரம் ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். 20 வருடத்தில் இப்படி ஆனதில்லை. சாயங்காலம் ஆனால் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. இரவு 12.30-க்கு மேல்தான் அவர் கூப்பிடுவார். பேசிப் படுக்க 1 மணி. 5 மணிக்கு எழுந்தால்தான் பிள்ளைகளை வேனுக்கு அனுப்ப முடியும். ஒரு நாளைக்கு ஆறு சாயா குடிக்கிறேன். முடி கொட்டுகிறது, அதற்கு ஒரு மாத்திரை போடுகிறேன். என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் அதுதானோ? பக்கத்து வீட்டு அக்கா மூளைக்கு ஒரு பவுடர் தருகிறார், மாதம் 3,800 ரூபாய். ஆரம்பிக்கலாமா? சாப்பாடு, நடை என்று பழக்கத்தை மாற்றினால் போதுமா? மனநல மாத்திரை என்றால் பயமாக இருக்கிறது.

பதில்: பவுடர் வேண்டாம், சகோதரி. 3,800 ரூபாய் எத்தனை ஜாக்கெட் தைத்த கூலி என்று உங்களுக்குத் தெரியும். அதை அப்படியே வையுங்கள். அதில் கொஞ்சம் ரத்தப் பரிசோதனைக்கு வேண்டும், மிச்சம் வீட்டுக்கு ஆகும்.

அம்மாவுக்கு வந்தது உங்களுக்கும் வந்துவிட்டதோ என்ற பயத்தையும் இறக்கி வையுங்கள். மறதி நோய் வந்தவர்கள் பெரும்பாலும் தாங்களாக வந்து "எனக்கு மறக்கிறது" என்று சொல்வதில்லை. மகளோ மருமகளோ கூட்டிக்கொண்டு வந்துதான் சொல்வார்கள். நீங்கள் எப்போது, எது தவறியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கையும் ஒரே பக்கத்துக்குப் போனது ஞாபகம் போனதால் இல்லை. துணியை மடித்துப் போடும் அந்த நொடியில் கவனம் அங்கே இல்லை, அவ்வளவுதான். கவனம் நிற்காத இடத்தில் ஞாபகம் பதியாது. ஆகவே கவனத்தைத் தின்பது எது என்றுதான் தேட வேண்டும்.

அதற்குப் பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 1 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தால் நான்கு மணி நேரம். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் உடம்பு சமாளிக்கும். மாதக் கணக்கில் நான்கு மணி நேரம் தூங்கினால் யாருக்கும் மண்டையில் பஞ்சு அடைக்கும், யாருக்கும் சாயங்காலம் அழுகை வரும்.

நம் குமரி மாவட்டத்தில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவர் 10 மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டால் இங்கே 12.30. அந்த அழைப்பை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் இருவருக்கும் ஒரு நாளில் கிடைக்கிற ஒரே நேரம் அது. ஆனால் அதை வேறு நேரத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். பிள்ளைகள் வேன் ஏறிப் போன பிறகு இங்கே காலை 8 மணி ஆகும்போது அவருக்கு 5.30. வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் அவரால் ஒதுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை என்றால் அன்றைக்கு நேரம் பார்க்காமல் பேசுங்கள். மற்ற நாளில் 10 மணிக்குப் படுத்துவிட வேண்டும். இந்த ஒன்றை மூன்று வாரம் செய்தாலே மண்டை எவ்வளவு தெளிகிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆறு சாயாவில் கடைசி மூன்றை விட்டுவிடுங்கள். சாயாவில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்தால் இரவு 11 மணிக்கும் அதில் பாதி உள்ளே நிற்கிறது. மதியம் 2 மணிக்குப் பிறகு வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்தும் வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர விடாமல் சாயா தடுக்கும்.

சரி, பரிசோதனை. ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., வெறும் வயிற்றில் சர்க்கரை. இந்த மூன்றும் போதும். அசைவமே சாப்பிடாதவர் என்றால் பி12-ம் பார்க்கச் சொல்வேன். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இந்த வயதில் மாதவிடாய் ஒழுங்கு தவறி அதிகமாகப் போகத் தொடங்கும், அதில் ரத்தம் குறைவது சாதாரணம். தைராய்டு குறைந்தாலும் நீங்கள் எழுதியதெல்லாம் வரும்: மந்தம், மறதி, மனச்சோர்வு, முடி கொட்டுவது.

முடி என்றதும் அந்த மாத்திரைக்கு வருகிறேன். போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கடிதத்தில் என் கண் நின்றது அந்த வரியில்தான். முடிக்குத் தரும் மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். அட்டையில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று போட்டிருப்பார்கள். அதைச் சாப்பிடுவதால் உடம்புக்குக் கெடுதல் பெரிதாக இல்லை. ரத்தப் பரிசோதனைக்குத்தான் அது கெடுதல். லேபில் இருக்கும் பல மெஷின்கள் தைராய்டை அளக்கப் பயோட்டினையே ஒரு பசை போலப் பயன்படுத்துகின்றன. உங்கள் ரத்தத்திலும் அது நிறைய இருந்தால் மெஷின் ஏமாந்துபோகும். தைராய்டு குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும், ஆனால் மெஷின் அதை இருப்பதை விடக் குறைவாகக் காட்டும். தைராய்டு குறைந்தவருக்கு எல்லாம் சரி என்று வரும், சில நேரம் அதிகமாகச் சுரக்கிறது என்றே வரும். யோசித்துப் பாருங்கள், தைராய்டு குறைந்ததால் முடி கொட்டுகிறது, முடிக்கு மாத்திரை போடுகிறோம், அந்த மாத்திரையே தைராய்டு குறைந்ததை மறைக்கிறது.

சில வருடம் முன் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள். ஒரு லேபில் தைராய்டு அதிகம் என்று வந்திருக்கிறது. அதைக் குறைக்க மாத்திரை தொடங்கினார்கள், அந்த அம்மா இன்னும் மந்தமாகிப் போனார். திருவனந்தபுரத்துக்கு இரண்டு தடவை அலைந்தார்கள். கடைசியில் மகன் வீட்டில் இருந்த மாத்திரை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டு வந்து என் மேஜையில் கொட்டினார். நடுவில் முடி மாத்திரை இருந்தது. அதை நிறுத்தி மறுபடி எடுத்தால் தைராய்டு நேர்மாறாகக் குறைவு. அத்தனை மாதத்தில் ஒருவர்கூட, "வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள்?" என்று கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன்: ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னாவது முடி மாத்திரையை நிறுத்துங்கள். 10,000 என்று போட்டிருந்தால் மூன்று நாள். எல்லா முடி மாத்திரையிலும் பயோட்டின் இல்லை, எல்லா மெஷினும் ஏமாறுவதும் இல்லை. ஆனால் உங்கள் லேபில் எந்த மெஷின் என்று உங்களுக்குத் தெரியப் போவதில்லை. நிறுத்துவதில் நஷ்டம் ஒன்றும் கிடையாது. நிறுத்துவது முடி மாத்திரையை மட்டும்தான், பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை இருந்தால் அதில் கை வைக்கக் கூடாது.

பரிசோதனைக்குப் போனால் "மூன்றுதானா? முழு உடல் பேக்கேஜ் எடுங்கள், 80 டெஸ்ட், சல்லிசு" என்பார்கள். வேண்டாம். நார்மல் அளவு என்று தாளில் போட்டிருப்பது நலமாக இருக்கும் 100 பேரில் 95 பேரின் அளவு. அப்படியானால் நன்றாக இருக்கிற ஒருவருக்கு 80 டெஸ்ட் எடுத்தாலும் மூன்று நான்கு தடித்த எழுத்தில் வரும். அதைப் பார்த்து நீங்கள் பயப்படுவீர்கள், அடுத்த டெஸ்ட், அப்புறம் ஸ்கேன். தலை ஸ்கேனுக்கு ஆள் பிடித்துக் கூட்டிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். காரில் ஏற்றி, கூடவே நின்று, சொந்தக்காரர் போலப் பேசுவார்கள். அவர்களுக்கு ஸ்கேன் செலவில் பங்கு உண்டு. நீங்கள் எழுதியதற்குத் தலை ஸ்கேன் தேவையே இல்லை.

அந்தப் பவுடர் அக்காவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் முதலில் ஒரு டப்பா வாங்கி, கீழே நான்கு பேரைச் சேர்த்தால்தான் போட்ட பணம் திரும்பும் என்று மாட்டிக்கொண்டவராகத்தான் இருப்பார். கோபமெல்லாம் மேலே இருப்பவர்கள் மேல்தான். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எது எவ்வளவு கிராம் என்று இருக்காது. இப்படி விற்பதில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் வாரம் பசி எடுக்கும், தெம்பு வரும், "பார்த்தீர்களா" என்பார்கள். பிறகு முகம் ஊதும், சர்க்கரை ஏறும். பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்கள் நாடி பார்த்து, கேட்டு, பெயர் எழுதித் தருகிறார்கள். வாட்ஸ்அப்பில் மருந்து விற்பவர்களைத்தான் சொல்கிறேன்.

மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்குவதும் கூடவே கூடாது. நான்கைந்து வாரத்தில் அது இல்லாமல் தூக்கம் வராது என்ற நிலைக்குக் கொண்டு போய்விடும். மனச்சோர்வுக்கு நாங்கள் தரும் மாத்திரைகள் அந்த வகை இல்லை. அவை வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், போதை தராது. மக்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணி, பயப்பட வேண்டியதைக் கேட்டு வாங்குகிறார்கள், உதவுவதற்குப் பயப்படுகிறார்கள்.

இவர்களெல்லாம் ஏன் பிழைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அது வலிக்கிறது. பவுடர் அக்கா உங்களோடு திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருப்பார். ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து வரிசையில் நின்று உள்ளே போனால் இரண்டு நிமிடம். "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை. மனநல சிகிச்சை எல்லாருக்கும் உரிமை என்று 2017-ல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அழுகை வருகிறது என்று சொல்ல ஒரு பெண் இன்னும் எந்தக் கிழமை டாக்டர் வருவார் என்று விசாரித்து, பஸ் ஏறி, அன்றைய தையல் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. இதை எத்தனை கூட்டத்தில்தான் சொல்வது?

சாப்பாட்டுக்கு வருகிறேன். காலையில் சாயாவும் பிஸ்கட்டும் சாப்பாடு இல்லை. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. பலரும் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள். ஒரு பாதிப் பேருக்கு 12 வாரம் காய்கறி, பயறு, மீன், பருப்பு வகை என்று சாப்பாட்டை மாற்றினார்கள். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு தணிந்தது. மற்றப் பாதியில் 100-க்கு 8 பேருக்குத்தான். சின்ன ஆய்வுதான், சிகிச்சைக்குப் பதில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்த மீனும் பயறும் நம் அடுக்களையில் இருப்பவைதானே! புட்டும் பயறும் காலைக்கு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாளை, முருங்கைக்கீரை. மீன் விலை ஏறினால் முட்டை. மரவள்ளிக்கிழங்கு தின்றால் தைராய்டு வரும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அயோடின் உப்பு போட்டு, கிழங்கை வேகவைத்த தண்ணீரை வடித்துச் சாப்பிட்டால் பயமில்லை.

நடை வாரத்துக்கு 150 நிமிடம். ஒரேயடியாக வேண்டாம், ஒரு நாளைக்கு அரை மணி நேரம், ஐந்து நாள். கணவரோடு பேசி முடித்ததும் காலை வெயிலில் குளத்தங்கரைப் பக்கம் போய் வாருங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவுத் தூக்கம் நேரத்துக்கு வரும். மனசு வந்தால் போகலாம் என்று காத்திருந்தால் மனசு வராது. மனச்சோர்வில் கால் முதலில் போக வேண்டும், மனசு பின்னால் வரும். மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் போதும்.

இதையெல்லாம் செய்து நான்கு வாரம் பாருங்கள். பிறகும் சாயங்கால அழுகை நிற்கவில்லை, முன்பு பிடித்தது எதிலும் பிடிப்பு இல்லை என்றால், பழக்கத்தை மட்டும் நம்பி இன்னும் இழுக்கக் கூடாது, மருத்துவரைப் பாருங்கள். இருந்து என்ன பயன், செத்துப் போகலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு வந்துவிடுங்கள், அல்லது 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச உதவி எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

ரிசல்ட் வந்ததும் யாராவது ஒரு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள், போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்ப வேண்டாம். போகும்போது அந்த முடி மாத்திரையின் அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.