தைராய்டு அளவுகள் சரியான பிறகும் குழந்தையின் கோபமும் அழுகையும் ஏன் குறைவதில்லை?

தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்கு மருந்து தொடங்கி 4 மாதங்கள் ஆகிவிட்டன, ரத்தப் பரிசோதனையும் சரியாக வந்திருக்கிறது, ஆனாலும் 10 வயது மகள் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்து அழுகிறாள், இது பிடிவாதமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நோயோடு வளரும் ஒரு பெண்ணின் தாயாகச் சொல்கிறேன்: அதைப் பிடிவாதம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நோய் இன்னதென்று தெரிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே என் மகளின் கையெழுத்து மாறிவிட்டது. முத்து முத்தாக எழுதியவளின் எழுத்துகள் கோட்டை விட்டு மேலும் கீழுமாக அலைந்தன. பென்சிலை அவள் இறுக்கிப் பிடித்து அழுத்தியதில் தாள் சில இடங்களில் கிழிந்தும் இருந்தது. அசட்டையாக எழுதுகிறாள் என்று எண்ணி, ஒரே பக்கத்தை 3 முறை திரும்ப எழுத வைத்தேன். பின்னர் மருத்துவர் அவளைக் கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு காகிதத்தை வைத்துக் காட்டினார். காகிதம் படபடவென்று நடுங்கியது. அந்தக் கைகளைத்தான் நான் அதட்டி எழுத வைத்திருந்தேன்.

கிரேவ்ஸ் நோயில், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு உருவாக்கும் எதிரணுக்கள் தைராய்டு சுரப்பியை ஓயாமல் தூண்டுவதால், ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்து, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தூக்கம் கெடுகிறது, ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. பயந்தவருக்கு உடம்பில் என்னென்ன நடக்குமோ அவையெல்லாம் காரணமே இல்லாமல் அந்தக் குழந்தைக்கு நடக்கின்றன. இதைக் கவனக்குறைவுக் கோளாறு என்றோ பதற்ற நோய் என்றோ தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. சுரப்பு குறையும் ஹாஷிமோட்டோ நோயில் நிலைமை நேர்மாறானது. குழந்தை சோர்ந்து அமைதியாகிவிடுவதால் யாரும் குறை சொல்வதில்லை. சிகிச்சைக்குப் பின் துறுதுறுப்பு திரும்பும்போதுதான் சேட்டை கூடிவிட்டது என்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிரேவ்ஸ் சிகிச்சையில், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சின் அளவு மாதக்கணக்கில் தாழ்ந்தே இருக்கக்கூடும் என்பதால், தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி4, டி3 அளவுகளையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். மருந்து சற்று அதிகமாகி, சுரப்பு தேவைக்கும் கீழே போய்விட்டாலும் குழந்தை சோர்ந்து சிணுங்கும். மருந்தளவை நீங்களாக மாற்ற வேண்டாம். சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மருந்தை எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், அடுத்த வேளை மருந்தைக் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரை அழைத்து, அன்றே ரத்த அணுக்களைப் பரிசோதிக்க வேண்டும்.

எல்லா அளவுகளும் சரியாகவே இருந்தாலும், மாதக்கணக்கில் தூக்கமின்றித் தவித்து, வீட்டிலும் வகுப்பிலும் திட்டு வாங்கி, இந்த நோயால் பிதுங்கித் தெரியும் கண்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் தோழிகளிடமிருந்து ஒதுங்கிய ஒரு குழந்தையின் மனம், ரத்தம் சரியான அதே வாரத்தில் சரியாகிவிடாது. என் மகளுக்கு அதற்குப் பிறகும் ஏறத்தாழ ஓராண்டு ஆனது. குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். தேர்வில் கூடுதல் நேரம் தரும்படி பள்ளிக்குக் கடிதம் கொடுத்தோம். எல்லாவற்றையும்விட அவளை இளக வைத்தது, அந்தப் பழைய நோட்டைப் பிரித்து வைத்து, "அன்று உன் மேல் தப்பில்லை, அம்மாவுக்குத்தான் தெரியவில்லை" என்று நான் சொன்னதுதான். அவள் எதுவும் பேசவில்லை. கிழிந்த தாளை நெடுநேரம் விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

உங்கள் மகள் 2 வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றி இருந்தாலோ, பள்ளிக்குப் போகவே மறுத்தாலோ, தைராய்டு மருத்துவரின் அடுத்த சந்திப்புக்காகக் காத்திராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். தான் இல்லாமல் இருந்தால் நல்லது என்பதுபோல் ஒரு வார்த்தை சொன்னாலும், அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.