ஏபி வகுப்பு டீச்சர் சரியில்லையா? பெற்றோர் கேள்விகளுக்கு என் பதில்கள்

19 வருடமாக அமெரிக்கப் பள்ளியில் ஏபி (AP, பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவுப் பாடம்) வகுப்பான கால்குலஸ் பிசி (BC) எடுக்கிறேன். முதல் டெஸ்டுகளின் கிரேடு பள்ளியின் இணைய போர்ட்டலில் ஏறிவிட்டதால் இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒன்றுதான்: டீச்சர் சரியில்லை, என்ன செய்யலாம்? ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

நியூஜெர்சி அப்பா: மேடம், மகள் பத்தாவது வரை கணக்கில் 97க்குக் கீழே வந்ததில்லை. இப்போது கால்குலஸ் பிசியில் முதல் இரண்டு டெஸ்டில் 78, 74. வகுப்பில் பாதிப் பேருக்கு இதே நிலைமை. ஏழு பெற்றோர் சேர்ந்து பிரின்சிபாலுக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம். அனுப்பிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அந்த இரண்டு டெஸ்ட் தாளையும் கண்ணால் பார்த்தீர்களா? நம் வீடுகளில் போர்ட்டலில் தெரியும் எண்ணைப் பார்த்தே பதறிவிடுகிறோம், தாளை எடுத்துப் பார்ப்பதில்லை. எந்தெந்த இடத்தில் மார்க் போனது, பக்கத்தில் டீச்சர் என்ன எழுதியிருக்கிறார், இதுதான் எனக்கு முக்கியம்.

ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் தளத்தில் பழைய வருடங்களின் விரிவான விடைக் கேள்விகள், மார்க் எப்படிப் பிரிக்கிறார்கள் என்ற விவரம், மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. மே மாதத் தேர்வில் அப்படி 6 கேள்விகள் வரும், ஒவ்வொன்றுக்கும் 9 மார்க், மொத்த ஸ்கோரில் பாதி அதற்குத்தான். ஒரு ஃபங்ஷனின் உச்சம் எங்கே என்று கேட்டால் இடத்தை மட்டும் சரியாகச் சொன்னால் போதாது. அங்கே முதல் டெரிவேட்டிவ் பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு மாறுகிறது என்று காரணம் எழுத வேண்டும். 'கிராஃப் மேலே போய்க் கீழே வருகிறது' என்று எழுதினால் காரணத்துக்கான மார்க் கிடைக்காது. உங்கள் மகள் இழந்தது இந்த மாதிரி மார்க் என்றால் அந்த டீச்சர் செப்டம்பரிலிருந்தே மே மாதத்துக்குத் தயார் செய்கிறார், அவர் மேல் மனு போடுவது பெரிய தப்பு. சொல்லித்தராததைக் கேட்டிருந்தால், அல்லது சிவப்புக் கோடு மட்டும் போட்டு ஏன் என்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்றால், அது கேட்க வேண்டிய விஷயம்.

இன்னொன்று. நாம் ஊரில் பிளஸ் டூ எழுதி வந்தவர்கள், பப்ளிக் எக்ஸாம் தாளை யாரோ முகம் தெரியாதவர் திருத்துவார், அந்த மார்க்தான் மார்க். இங்கே இரண்டு கணக்கு தனித்தனியாக ஓடுகிறது. வகுப்புக் கிரேடை டீச்சரே போடுகிறார், அது ஜிபிஏவில் (எல்லாப் பாடங்களின் கிரேடு சராசரியில்) சேரும். ஏபி ஸ்கோர் 1 முதல் 5 வரை, மே மாதத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருவது. 5 வாங்க 90 சதவீதம் தேவையே இல்லை, அதற்கு வெகு கீழேயே கிடைத்துவிடும். ஆகவே வகுப்பில் 78 வாங்குகிற பிள்ளை மே மாதத்தில் 5 வாங்குவது நடக்காத காரியமே இல்லை. ஜிபிஏ பற்றிய கவலை நியாயம்தான், அதைத் தனியாகப் பேசுங்கள், டீச்சருக்குக் கற்பிக்கத் தெரியாது என்பதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

டெக்சாஸ் அம்மா: அக்கா, எங்கள் பிரச்சினை தலைகீழ். வகுப்பில் எல்லாருக்கும் ஏ. ஆனால் போன வருடம் படித்த பிள்ளைகள் 2தான் வாங்கினார்களாம். டீச்சர் ரொம்ப நல்லவர், எப்படிக் கேட்பது?

எனக்குக் கவலை தருவது உங்கள் கேள்விதான். 78 வந்தால் ஊரே கூடுகிறது, சும்மா வரும் ஏவை யாரும் கேட்பதில்லை. ஜூலையில் ஸ்கோர் வரும்போது டீச்சரும் கோடை விடுமுறையில் இருப்பார், செய்வதற்கு எதுவும் மிஞ்சாது.

முதலில் வேகத்தைப் பாருங்கள். பிசியில் 10 யூனிட். நான் டிசம்பர் விடுமுறைக்கு முன் ஐந்தாவதையாவது முடித்துவிடுவேன். கடைசி யூனிட் முடிவிலாத் தொடர்கள், தேர்வில் 17, 18 சதவீதம் அதிலிருந்து வரும், பிள்ளைகளுக்கு ஊறவே ஒரு மாதத்துக்கு மேல் வேண்டும். தாமதமாக ஓடும் வகுப்பில் அதை ஏப்ரல் கடைசியில் பத்து நாளில் திணித்து முடிப்பார்கள், அங்கேதான் ஸ்கோர் விழுகிறது. அப்புறம் காலேஜ் போர்டின் இணையதளமான ஏபி கிளாஸ்ரூமில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ப்ராக்ரஸ் செக் என்ற பயிற்சித் தேர்வு இருக்கிறது, டீச்சர் திறந்துவிட்டால்தான் பிள்ளைக்குத் தெரியும். திறந்துவிடுகிறாரா என்று மகனையே கேளுங்கள். இல்லை என்றால், 'வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறான், திறந்துவிட முடியுமா?' என்று மகன் கேட்டதாகவே எழுதலாம், அதில் யார் மனமும் புண்படாது.

அதே அம்மா: டீச்சருடைய பழைய ஏபி ரிசல்டை நாம் பார்க்க முடியுமா?

டீச்சர்வாரியாக வரும் அறிக்கை அவருக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் போவது, உங்களுக்குத் தரமாட்டார்கள். பள்ளி அளவில் அந்தப் பாடத்தில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் 3 அல்லது அதற்கு மேல் என்று பள்ளி கவுன்சிலரிடம் (மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகரிடம்) கேட்கலாம். எழுதியவர் எண்ணிக்கையை விடாமல் கேளுங்கள். 60 பேர் படித்து 20 பேர் மட்டும் தேர்வுக்குப் போனால் அந்த சதவீதத்துக்கு அர்த்தமே வேறு.

வாஷிங்டன் அப்பா: நேரே பிரின்சிபாலிடம் போனால்தானே வேலை நடக்கும்?

நடக்காது. அவர் முதலில் கேட்பது 'டீச்சரிடம் பேசினீர்களா?' என்பதுதான். முதலில் பிள்ளை போய்ப் பேசட்டும், பிறகு நீங்கள் டீச்சருக்கு எழுதுங்கள், அதன் பிறகு டிபார்ட்மென்ட் ஹெட், கவுன்சிலர், கடைசியில் பிரின்சிபால். ஈமெயில் ஐந்து வரி போதும்: எந்த டெஸ்ட், எந்தக் கேள்வி, உங்களுக்கு என்ன புரியவில்லை, எப்போது சந்திக்கலாம். மற்ற பெற்றோரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்ற வரி வேண்டவே வேண்டாம், அதைப் படித்ததும் எந்த டீச்சரும் தற்காப்புக்குப் போய்விடுவார்.

திருத்திய தாளைக் காட்ட மறுத்தால் 1974ஆம் வருடத்து ஃபெர்பா சட்டம் இருக்கிறது. பள்ளி வைத்திருக்கும் உங்கள் பிள்ளையின் பதிவுகளைப் பார்க்க எழுதிக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். பிள்ளைக்கு 18 முடிந்தால் அந்த உரிமை பிள்ளைக்குப் போய்விடும், பன்னிரண்டாவது படிப்பவர்களின் பெற்றோர் இதைக் கவனியுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: புகார் சொன்னால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ, காலேஜுக்கு ரெகமெண்டேஷன் லெட்டர் வேறு வேண்டுமே என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தோடு எழுதியவர்கள் நிறைய. என் மூன்றாவது வருடத்தில் ஒரு தாய் வந்து, 'டெஸ்ட் தாளைத் திருப்பித் தர மூன்று வாரம் ஆகிறது, அதற்குள் அடுத்த டெஸ்ட் வந்துவிடுகிறது, தப்பு எங்கே என்று தெரியாமலே என் பையன் திரும்ப எழுதுகிறான்' என்று சொன்னார். அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது முழுக்க உண்மை. அதன் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் தாளை வைத்துக்கொண்டதில்லை, அந்தப் பையனுக்கு லெட்டரும் நானே எழுதினேன். குறிப்பாக, மரியாதையாகச் சொன்ன குறையைப் பெரும்பாலான டீச்சர்கள் தாங்கிக்கொள்வார்கள். வாட்ஸ்அப் குழுவில் பேசியது அடுத்த நாளே வகுப்புக்கு வந்துவிடும், அதுதான் காயம்.

கலிஃபோர்னியா அம்மா: கெமிஸ்ட்ரி டீச்சர் லீவில் போய் ஏழு வாரம். வரும் சப்ஸ்டிட்யூட் வீடியோ போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

இதில் பொறுமை வேண்டாம், இன்றைக்கே எழுதுங்கள். குறை அந்த சப்ஸ்டிட்யூட் மேல் இல்லை, பள்ளி மேல். ஏபி என்று பெயர் போட்ட ஒவ்வொரு வகுப்புக்கும் டீச்சர் காலேஜ் போர்டின் கோர்ஸ் ஆடிட்டில் (பாடத்திட்டத்தைச் சரிபார்த்து அனுமதிக்கும் ஏற்பாட்டில்) பதிய வேண்டும், இப்போது அந்த இடத்தில் யார் பெயர் இருக்கிறது, லேப் யார் நடத்துகிறார்கள் என்று பிரின்சிபாலிடமே கேளுங்கள். டைட்டில் ஒன் நிதி (ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கான கூட்டாட்சி நிதி) வாங்கும் பள்ளி என்றால், மாநிலத் தகுதி இல்லாதவர் தொடர்ந்து நான்கு வாரம் பாடம் எடுத்தாலே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. இந்த ஒரு விஷயத்தில் பல பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போடுவது நல்லது, ஏனென்றால் இது ஒரு பிள்ளையின் மார்க் இல்லை, காலியான வகுப்பு. அதுவரை ஏபி கிளாஸ்ரூமில் உள்ள ஏபி டெய்லி வீடியோக்களை யூனிட் வரிசையில் பார்க்கட்டும், நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து பார்த்தால் தூக்கம் வராது.

ஒஹாயோ அப்பா: டீச்சர் பாடமே எடுப்பதில்லை, வீட்டில் வீடியோ பார்த்து வரச் சொல்லி வகுப்பில் பிள்ளைகளைக் குழுவாகக் கணக்குப் போட வைக்கிறார். இது கற்பிப்பதா?

ஆமாம், ஒழுங்காகச் செய்தால். குழுக்களுக்கு இடையே நடந்து, தப்பைப் பிடித்து, 'ஏன் இப்படிப் போட்டாய்?' என்று கேட்கிறாரா, இல்லை தன் மேசையில் இருக்கிறாரா என்று மகளிடம் கேளுங்கள். பதில் அதில் இருக்கிறது.

கடைசியாக, மூன்று பேர் கேட்டது: பிசியை விட்டு கால்குலஸ் AB வகுப்புக்கு, அதாவது பிசியைவிடக் குறைவான பாடம் உள்ள ஏபி கால்குலஸுக்கு, மாறிவிடலாமா?

அல்ஜிப்ராவும் டிரிக்னாமெட்ரியும் தடுமாறினால் மாறலாம், ஆனால் பள்ளி அனுமதிக்கும் கடைசித் தேதியை இந்த வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். டீச்சர் மேல் உள்ள கோபத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம், பல பள்ளிகளில் அந்த வகுப்பையும் அதே டீச்சர்தான் எடுக்கிறார். பிசி எழுதினாலும் AB பகுதிக்குத் தனி சப்ஸ்கோர் வரும் என்பதையும் எடுத்துச் சொல்லிவிட்டு, முடிவைப் பிள்ளையிடமே விடுங்கள்.