காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ஆனால் ஆயா போன வாரம் மாதிரி இல்லை

கேள்வி: என் மாமியாருக்கு 81 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்களோடு இருக்கிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். உடம்பு மெலிவுதான், ஆனாலும் போன வாரம் வரை உட்கார்ந்தபடி கீரை ஆய்ந்து கொடுப்பார், பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பார். மூன்று நாளாகப் படுத்த படுக்கை. சாப்பாடு வேண்டாம் என்கிறார். நேற்று பாத்ரூம் வாசலில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறது. ராத்திரியில் இறந்துபோன மாமாவைக் கூப்பிட்டுப் பேசுகிறார். காய்ச்சல் 98.8தான். சளி, இருமல் எதுவும் இல்லை. முந்தின வாரம் பிள்ளைகள் இருவருக்கும் சளிக் காய்ச்சல் வந்து போனது. வயசாகிவிட்டது, இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள் உறவினர்கள். மறதி நோய் ஆரம்பித்துவிட்டதா? அத்தை மாமாவோடு பேசும்போது நாங்கள் என்ன சொல்வது?

பதில்: கடிதம் கிடைத்ததும் இவர்களிடம் போனில் நான் சொன்னது ஒன்றுதான்: இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இதே நிலையில் வீட்டில் பெரியவர்கள் உள்ள மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மறதி நோய் மூன்று நாளில் வராது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும். போன வாரம் கீரை ஆய்ந்தவர் இந்த வாரம் ஆள் அடையாளம் தடுமாறுகிறார் என்றால் அது வேறு. டெலிரியம் என்போம். காய்ச்சலில் பிதற்றுபவரை ஜன்னி கண்டுவிட்டது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான். வித்தியாசம் என்னவென்றால், தளர்ந்த வயதில் காய்ச்சல் வராமலே ஜன்னி மட்டும் வரும். கத்திக் கலாட்டா செய்பவரை வீட்டில் உடனே கவனிக்கிறோம். சத்தமில்லாமல் சுவரைப் பார்த்தபடி தூங்கித் தூங்கி விழுபவரை, "பாவம், ஓய்வெடுக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அதிகம் நம் கவனத்துக்குத் தப்பிவிடுவது இந்த இரண்டாவது வகைதான்.

கோவிட் காலத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. 2020-ல் அமெரிக்காவில் 7 இடங்களின் அவசரப் பிரிவுகளுக்குக் கோவிட்டோடு வந்த, 65 வயதைத் தொட்ட அல்லது தாண்டிய 817 பேரைக் கணக்கெடுத்தார்கள். 28 சதவீதம் பேருக்கு வரும்போதே டெலிரியம் இருந்தது. அந்த 28 சதவீதத்தினரிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற வழக்கமான அறிகுறி எதுவுமே இல்லை. ஃப்ளூவும் டெங்குவும்கூட வயதானவர்களிடம் இப்படி வேஷம் மாறி வரும். பிள்ளைக்கு மூன்று நாள் மூக்கொழுகலோடு போகும் ஒரு வைரஸ், ஆயாவிடம் மூக்கை விட்டுவிட்டு காலையும் மூளையையும் சிறுநீர்ப்பையையும் பிடிக்கும். விழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, படுக்கையில் சிறுநீர் போவது, பேச்சு குழம்புவது எல்லாம் அதன் முகங்களாக இருக்கலாம்.

தெர்மாமீட்டரை நம்பி உட்காராதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காய்ச்சல் என்பது கிருமியை எதிர்த்து உடம்பு மூட்டும் அடுப்பு. தளர்ந்த உடம்பில் அந்த அடுப்பு சரியாகப் பற்றாது. கடுமையான நோய்த்தொற்று வந்தாலும் இவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை காய்ச்சலே காட்டுவதில்லை. போதாததற்கு முதியவர்களின் இயல்பான சூடே குறைவு. நல்லா இருக்கும் நாளில் 96.8 காட்டுபவருக்கு 98.8 என்றால் இரண்டு டிகிரி ஏறியிருக்கிறது, அதைக் காய்ச்சல் என்றே கொள்ள வேண்டும். வாயில் வைத்துப் பார்க்கும்போது 100 ஒருமுறை வந்தாலும், 99-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படித்தான். அக்குளில் வைத்தால் இன்னும் குறைத்தே காட்டும். மூட்டுவலிக்குத் தினமும் பாராசிட்டமால் போடுபவரா? அது காய்ச்சலை அமுக்கிவிடும். பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோப்ரோலால், அடினோலால் மாதிரி மாத்திரை போடுபவரா? நாடித்துடிப்பு ஏற வேண்டிய அளவு ஏறாது. எல்லாம் நார்மல் என்ற தோற்றம் அப்படித்தான் வருகிறது.

நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். டாக்டரான புதிதில், தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு மீனவப் பெரியவரை அவர் மகள் அழைத்து வந்தார். கடலுக்குப் போவதை நிறுத்தி வருடங்கள் ஆகியிருந்தன, திண்ணையில் உட்கார்ந்து வலை பழுது பார்ப்பதுதான் அவர் வேலை. "முந்தாநாள் வரைக்கும் வலை பின்னிக்கிட்டு இருந்தாரு டாக்டர், இப்ப அதைத் தொடவே மாட்டேங்கிறாரு" என்றார் மகள். காய்ச்சல் இல்லை, நெஞ்சில் சத்தம் இல்லை. அசதி என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மூச்சு வாங்க, அரைக்கண் மூடியபடி வந்து சேர்ந்தார். படுத்த நிலையிலேயே அவர் விரல்கள் போர்வை ஓரத்தைப் பிடித்து முடிச்சுப் போட்டு இழுத்துக்கொண்டே இருந்தன, வலைக்கண் போடுவது போல. ஃப்ளூ, அதன் மேல் நிமோனியா. பிழைத்துக்கொண்டார், ஆனால் தானாக எழுந்து நடக்க இரண்டு மாதம் ஆனது. அந்த மகள் நோயைச் சரியாகத்தான் சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முதலில் சொல்ல வேண்டியது: "இவங்க எப்பவும் இப்படி இல்ல டாக்டர்." 81 வயதில், மெலிந்து, குழம்பிய பேச்சோடு ஸ்ட்ரெச்சரில் வருபவரைப் பார்க்கும் புது டாக்டர், இவர் வருடக்கணக்கில் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வது எளிது. போன மாதம் பேரனோடு பேசிய வீடியோ செல்போனில் இருந்தால் காட்டுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வீட்டில் யாருக்குச் சளிக் காய்ச்சல் வந்தது, எந்தத் தேதியில் என்பதையும் சொல்லுங்கள். ஃப்ளூ என்றால் அதற்கான மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். அதற்காக நாள் தாண்டிவிட்டது என்று சும்மா இருக்க வேண்டாம், இவர்களைப் போன்றவர்களுக்குத் தாமதமாகவும் கொடுப்பதுண்டு.

இதையெல்லாம் வைரஸ் என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். சர்க்கரை தாழ்ந்தாலும், உப்புச்சத்தான சோடியம் குறைந்தாலும், வலியில்லாத மாரடைப்பு வந்தாலும் இதே கோலம்தான். உங்கள் அத்தை சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார், மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. எனவே கிளம்புவதற்கு முன்பே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் தெளிவும் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். தெளிவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிடாத நாட்களில் சர்க்கரை மாத்திரையையும், சிறுநீர் போக வைக்கும் பிரஷர் மாத்திரையையும் எப்படிக் கொடுப்பது என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், விழுந்ததில் தலை அடிபட்டிருந்தால், அதுவும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியோ, எது சீக்கிரம் சேரும் என்று மட்டும் பாருங்கள்.

வீட்டிலிருந்து பார்க்கக்கூடிய சில விஷயங்கள் உண்டு. அவர் அசைவில்லாமல் படுத்திருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 24-ஐத் தாண்டினால் நுரையீரலைச் சந்தேகப்பட வேண்டும். கோவிட் நேரத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பீரோவில் கிடந்தால் புது பேட்டரி போட்டு, விரலைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு மாட்டுங்கள். 94-க்குக் கீழே என்றால் அன்றே டாக்டர், 90-க்குக் கீழே என்றால் உடனே ஆம்புலன்ஸ். அப்புறம், கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன்... போன வாரம் சொல்ல முடிந்தவர் இன்று வெள்ளியிலேயே நின்றுவிட்டால் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் இது கேட்கலாம்.

மெடிக்கலில் சளி மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவற்றில் பலவற்றில் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்து கலந்திருக்கும். அது ஜன்னியைக் கூட்டும், வயதான ஆண்களுக்குச் சிறுநீரையும் அடைத்துவிடும். ராத்திரி தூங்கட்டும் என்று தூக்க மாத்திரை கொடுப்பதும் அதே கதைதான். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெம்பு வந்துடும்" என்று பலர் வருகிறார்கள். தேவை இருந்தால் நாங்களே ஏற்றுவோம். இதயம் பலவீனமானவருக்குக் கணக்கில்லாமல் ஏற்றினால் அந்தத் தண்ணீர் நுரையீரலில் போய்க் கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் டெங்கு தலைதூக்கும் நேரத்தில் உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம், ரத்தக்கசிவு வரும். டெங்குவில் சூடு இறங்கிய பிறகுதான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கஞ்சியோ மோரோ, நிமிர்த்தி உட்கார வைத்து, விழித்திருக்கும்போது, மடக்கு மடக்காகக் கொடுங்கள். அரைத்தூக்கத்தில் ஸ்பூனால் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் போய்விடும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. மாமா இறந்துபோய்விட்டார் என்று அத்தையைத் திருத்தாதீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு அது புதுச் சாவுச் செய்தியாகத்தான் விழும். "ஆமாம், மாமா வந்திருக்கிறார்" என்று பொய்யும் வேண்டாம். "மாமா ஞாபகம் வந்துடுச்சா அத்தை? நான் பக்கத்துலதான் இருக்கேன், இது நம்ம வீடு, மணி பத்தாகுது" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடுங்கள், ஒரு சின்ன விளக்கு எரியட்டும். ராத்திரிக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர் என்று இல்லாமல் முடிந்தவரை தெரிந்த முகமாகவே பக்கத்தில் இருங்கள். நோய் இறங்கிய பிறகும் இந்தக் குழப்பம் தெளிய சில வாரம் ஆகலாம். பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள், ஆயா பெயரை மாற்றிக் கூப்பிட்டால் பயப்பட மாட்டார்கள்.