சேவைச் சங்கங்களின் பணம்: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்களின் பண விவகாரம் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வட ஆற்காட்டின் பல ஊர்களிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். கிளப்பின் நிதிக் குழுவில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் கிளப்பில் பதவியேற்பு விழா என்றால் பெரிய மண்டபம், விருந்து எல்லாம் உண்டு. கடைவீதியில் எங்களிடம் வாங்கும் நன்கொடைதான் அதற்குப் போகிறதா?
– வணிகர், குடியாத்தம்

போகக் கூடாது. லயன்ஸ் சங்கங்களில் இதற்கு எழுதிவைத்த விதியே இருக்கிறது. நிர்வாகக் கணக்கு ஒன்று, சேவைக் கணக்கு ஒன்று. உறுப்பினர் சந்தா முதல் கணக்கில் சேரும். கூட்டச் சாப்பாடு, விழாச் செலவெல்லாம் அதிலிருந்துதான். பொதுமக்களிடம் வாங்கிய பணம் இரண்டாவது கணக்கில். அதை நிர்வாகச் செலவுக்குத் தொடக் கூடாது. இன்னிசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்றால், மேடை, ஒலிபெருக்கி வாடகையை அந்த வசூலிலேயே கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒழுங்காக நடக்கும் ரோட்டரி சங்கங்களும் இப்படித்தான் கணக்கு வைக்கின்றன.

பணம் கொடுக்கும்போது, எந்தத் திட்டத்துக்கு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஜூன் 30-ல் கிளப் ஆண்டு முடிகிறது. ஜூலை, ஆகஸ்டில் போய்ப் பொருளாளரிடம் கணக்கு கேளுங்கள். கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு, கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கேள்வி: எங்கள் அரசுப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை, மாணவிகளுக்குக் கழிப்பறை, குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வேண்டும். ரோட்டரியின் வெளிநாட்டு நிதியில் கிடைக்குமா? எப்படிக் கேட்பது?
– தலைமையாசிரியை, பேரணாம்பட்டு ஒன்றியம்

வகுப்பறை கிடைக்காதும்மா. மக்கள் தங்கும், வேலை பார்க்கும், அதிக நேரம் இருக்கும் கட்டடங்களைக் குளோபல் கிராண்டில், அதாவது நீங்கள் கேட்கும் அந்த ரோட்டரி வெளிநாட்டு நிதியுதவியில், கட்ட முடியாது. அதற்குத் தமிழக அரசு 2022-ல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாக நன்கொடையாளர் தேடுவது நல்லது. கழிப்பறைக்கும் குடிநீருக்கும் வழி இருக்கிறது.

பணம் வரும் பாதையைத் தெரிந்துகொண்டால் கேட்பது எளிது. உறுப்பினர்கள் ரோட்டரி ஃபவுண்டேஷன் என்ற ரோட்டரியின் உலக அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்குக் கொடுக்கும் தொகை மூன்று வருடம் முதலீட்டில் இருக்கும். பிறகு 5 சதவீதம் நிர்வாகத்துக்குப் போக, மீதியில் ஒரு பாதி அவர்களுடைய ரோட்டரி மாவட்டத்துக்குத் திரும்புகிறது, மறுபாதி ஃபவுண்டேஷனின் பொதுவான உலக நிதிக்குப் போகிறது. ரோட்டரி மாவட்டம் வேறு, கலெக்டர் ஆளும் மாவட்டம் வேறு. பல வருவாய் மாவட்டங்கள் சேர்ந்ததுதான் ஒரு ரோட்டரி மாவட்டம்.

குளோபல் கிராண்டுக்கு இரண்டு நாடுகளின் சங்கங்கள் சேர வேண்டும்: வேலை நடக்கும் ஊரில் ஒன்று, வெளிநாட்டில் ஒன்று. திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர். நம் ரோட்டரி மாவட்டம் தன் பங்கிலிருந்து 10,000 டாலர், வெளிநாட்டு மாவட்டம் 10,000 டாலர் ஒதுக்கினால், உலக நிதி அந்த 20,000-க்கு 80 சதவீதம், அதாவது 16,000 டாலர் சேர்க்கும். ஆக மொத்தம் 36,000. கிளப் ரொக்கமாகப் போடும் பணத்துக்கு இந்த 80 சதவீதம் கிடையாது. இது புரியாமல், ரொக்கம் திரட்டினாலே அமெரிக்காவிலுள்ள ஃபவுண்டேஷன் இரட்டிப்பாக்கும் என்று பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒரு பள்ளிக்கு 30,000 டாலர் தேவைப்படாது. பக்கத்துப் பள்ளிகளையும் சேர்த்து ஒரே திட்டமாகக் கேளுங்கள். இல்லையென்றால் ரோட்டரி மாவட்டமே தரும் டிஸ்ட்ரிக்ட் கிராண்ட் போதும். தொகை சின்னது, நடைமுறையும் சுலபம்.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். குளோபல் கிராண்ட் விண்ணப்பத்தோடு ஊரின் தேவையைக் கணக்கெடுத்த அறிக்கை கொடுத்தாக வேண்டும். இதைக் கிளப் ஆட்களே மேசையில் உட்கார்ந்து எழுதுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. மாணவிகளிடம் தனியாக, ஒரு ஆசிரியையை வைத்துக் கேளுங்கள். கழிப்பறை ஏற்கெனவே இருந்தும் ஏன் போவதில்லை? தண்ணீர் வரவில்லையா, தாழ்ப்பாள் இல்லையா, நாப்கினைப் போட இடமில்லையா? பல பள்ளிகளில் புதுக் கட்டடத்தைவிட ஒரு தண்ணீர்த் தொட்டியும் தினமும் சுத்தம் செய்ய ஓர் ஆளும்தான் உண்மையான தேவை.

உங்கள் பகுதியில் தோல் தொழிற்சாலைகள் உண்டு. அதனால் இயந்திரம் வாங்குமுன் கிணற்று நீரையோ போர்வெல் நீரையோ பரிசோதனைக்குக் கொடுங்கள். எந்த இயந்திரம் என்பதை அந்த அறிக்கைதான் சொல்ல வேண்டும். வடிகட்டி மாற்றும் செலவு யாருடையது, வெளியேறும் கழிவுநீர் எங்கே போகும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, அதோடு கிளப்பைப் பாருங்கள். வேலை முடிந்த பிறகு கிராண்ட் கேட்டால் கிடைக்காது, அதனால் எதையும் முன்கூட்டித் தொடங்கிவிடாதீர்கள்.

கேள்வி: கல்லூரியில் ரோட்டரியின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்ட் சங்கத்தில் இருக்கிறேன். போலியோவுக்கென்று திரட்டும் பணம் வெளிநாட்டுக்குத்தான் போகிறது. ஜவ்வாது மலையில் ஆயிரம் தேவை இருக்க, இது சரியா?
– மாணவர், காட்பாடி

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. ஆனால் வேலூரிலிருந்து இதைக் கேட்கும்போது நம் ஊர்க் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-ல் திறந்த மருத்துவமனை, ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் எழுந்தது. இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) வளர்ந்தது அந்த வழியில்தான். 1980-களின் தொடக்கத்தில் சி.எம்.சி.யின் வைரஸ் இயல் நிபுணர் டாக்டர் டி.ஜேக்கப் ஜானும் வேலூர் ரோட்டரி சங்கமும் கைகோத்து, நகரத்துக் குழந்தைகளுக்கெல்லாம் குறிப்பிட்ட நாட்களில் ஒட்டுமொத்தமாகச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நாடு முழுக்கப் பல்ஸ் போலியோ வந்தது 1995-ல். அதற்குப் பத்து வருடத்துக்கும் முன்னாலேயே இந்த ஊர் அதைச் செய்து காட்டியது.

ரோட்டரி உலக அளவில் போலியோ பிளஸ் என்ற போலியோ ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது 1985-ல். 12 கோடி டாலர் திரட்ட நினைத்தார்கள். 1988-க்குள் 24 கோடிக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தில் வந்த மருந்தை நம் குழந்தைகளும் குடித்தார்கள். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ (சொட்டு மருந்திலிருந்து வராமல், இயற்கையாகப் பரவும் கிருமியால் வருவது) நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச் 27-ல் இந்தியாவும் அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லாத பகுதி என்ற சான்று கிடைத்தது.

இப்போது இயற்கைப் போலியோ மிஞ்சியிருப்பது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும். அங்கே நிற்காவிட்டால் எல்லை தாண்டி இங்கேயும் வரலாம். அதோடு, ரோட்டரி திரட்டும் ஒவ்வொரு டாலருக்கும் கேட்ஸ் ஃபவுண்டேஷன் இரண்டு டாலர் சேர்க்கிறது. ஆண்டுக்கு 5 கோடி டாலர் வரை இந்த ஏற்பாடு. உங்கள் 100 ரூபாய் 300 ஆகிறது. வேறெங்கும் அவ்வளவு எளிதில் நடக்காது.

ஜவ்வாது மலைக்கான பணத்தை இதிலிருந்து எடுக்க வேண்டாம், தனியாகத் திரட்டுங்கள். இரண்டும் முடியும்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி, எங்கள் கிளப்பின் மருத்துவ முகாமுக்குப் பணம் அனுப்ப விரும்புகிறான். கிளப் கணக்குக்கு நேராக அனுப்பலாமா?
– கிளப் செயலாளர், ஆம்பூர்

அவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறாரா, அந்நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. குடியுரிமை மாறியிருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை) கையில் இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதை வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையின் கணக்குக்குத்தான் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கியவர் இன்னொரு அமைப்புக்கு அதை மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

‘பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிடட்டுமே’ என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். நல்ல மனதோடு செய்தாலும் சட்டச் சிக்கல் கிளப் முழுவதையும் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் கம்பெனி சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணத்தை உள்ளூர் கிளப்புக்குக் கொடுக்கலாமா?
– மேலாளர், ராணிப்பேட்டை

அந்தக் கிளப்பின் அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், சி.எஸ்.ஆர். பணம் வாங்கத் தேவையான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும், மூன்று வருடச் செயல்பாடும் இருந்தால் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: உங்கள் ஆலைக் கழிவுநீரைச் சுத்தப்படுத்துவது வேறு சட்டப்படியே உங்கள் கடமை. அந்தச் செலவைச் சி.எஸ்.ஆர். என்று காட்ட முடியாது. பாலாற்றங்கரையில் இருப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: கிளப்புக்குக் கொடுத்தால் வருமான வரி குறையுமா?
– ஆசிரியர், சத்துவாச்சாரி

பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை போய்விடும். கிளப்பின் பெயரில் ரசீது போதாது. 80ஜி பதிவுள்ள அறக்கட்டளையின் ரசீதும் சான்றிதழும் வேண்டும்.

கேள்வி: ஒரு மருத்துவமனைக்குக் கிளப் கொடுத்த டயாலிசிஸ் இயந்திரங்களில் ஒன்று பல மாதமாக ஓடவில்லை. யாரைக் கேட்பது?
– நோயாளியின் மகன், ஆற்காடு

உங்கள் அப்பா படும் சிரமத்தை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போக வேண்டியவருக்கு ஓர் இயந்திரம் நின்றாலும் வரிசை நீளும்.

இயந்திரம் வாங்குவது திட்டத்தின் சுலபமான பாதி. சுத்த நீர் ஏற்பாடு, வடிகட்டி, குழாய், டெக்னீஷியன் சம்பளம், பழுது ஒப்பந்தம் இதெல்லாம்தான் வருடா வருடம் வரும் செலவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இருக்கிறது. அந்த வருமானத்தை வைத்து இயந்திரத்தை ஓட்ட முடியுமா என்று கையெழுத்துப் போடுமுன்பே மருத்துவமனையோடு பேசி எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ரோட்டரியின் குளோபல் கிராண்டில் வாங்கியதென்றால், கிராண்ட் நடக்கும்வரை வருடத்துக்கு ஒரு முறையும், முடிந்த இரண்டு மாதத்துக்குள் இறுதியாகவும் அறிக்கை போக வேண்டும். அறிக்கை கொடுக்காத கிளப்புக்கு அடுத்த கிராண்ட் கிடைக்காது. ஆனால் இறுதி அறிக்கை போன பிறகு திரும்பிப் பார்க்கும் பழக்கம் குறைவு. அதை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் பல வருடக் கோரிக்கை.

இயந்திரத்தின் மீது ஒட்டிய பலகையில் ‘ஜிஜி’ என்று தொடங்கும் கிராண்ட் எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைக் குறிப்பிட்டு, எப்போதிலிருந்து ஓடவில்லை என்று எழுதி, கிளப் தலைவருக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் கடிதம் கொடுங்கள். ரோட்டரி மாவட்ட அளவில் கிராண்டுகளைக் கண்காணிக்கத் தனிக் குழு உண்டு, அவர்களுக்கும் ஒரு நகல் போகட்டும். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.