அதிகம் பேர் கேட்காத ராக் ஆல்பங்களுக்கு ஏன் டீலக்ஸ் ரீமாஸ்டர் பதிப்பு (ஒலியைத் துலக்கி, வெளிவராத பதிவுகளையும் சேர்த்துப் போடும் மறுவெளியீடு) வருவதே இல்லை?

"விற்காது, அதான்" என்று சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். விற்பதற்கு முதலில் சரக்கு கையில் இருக்க வேண்டுமே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கேசட் பதிவுக் கடையில் வேலை பார்த்தேன். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவோம். புது கேசட்டுக்குக் காசில்லாதவர்கள் பழையதையே கொண்டுவருவார்கள். கம்பெனி கேசட்டாக இருந்தால், மேலே பதிய முடியாதபடி முதுகில் விட்டிருக்கும் இரண்டு ஓட்டைகளிலும் காகிதத்தைச் சுருட்டித் திணித்துவிட்டு மேலேயே பதிவோம். அப்படி ஒரு கல்லூரிப் பையன் கொண்டுவந்த, பெயர் தெரியாத இங்கிலீஷ் பேண்ட் கேசட்டின் மேல் நானே படப் பாட்டுகளைப் பதிந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

வெளிநாட்டு ஸ்டுடியோக்களிலும் இதே கதைதான். அப்போது டேப் விலை அதிகம், அதனால் தேறாத பதிவை அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவார்கள். டீலக்ஸ் பெட்டியின் கவர்ச்சியே அந்தத் தேறாத பதிவுகள்தான். பீட்டில்ஸின் 'சார்ஜெண்ட் பெப்பர்' 2017இல் ஐம்பதாம் ஆண்டுப் பெட்டியாக வந்ததென்றால், ஒத்திகைப் பதிவுகளைக்கூட அவர்களுடைய இசை நிறுவனமான ஈஎம்ஐ பத்திரமாக வைத்திருந்ததே காரணம். சின்ன பேண்டுக்கு யார் வைத்திருக்கப் போகிறார்கள்?

மிஞ்சிய டேப்பும் லேசில் ஓடாது. எழுபது, எண்பதுகளின் பல டேப்புகள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் பழுப்புத் தூள் டேப்பை வாசிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். சுமார் 54 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் வைத்து ஈரத்தைப் போக்கிய பிறகுதான் பிரதி எடுக்க முடியும் (நம்மூர் கத்திரி வெயில்கூடப் பத்தாது). போதாததற்கு, 2008இல் ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோ தீ விபத்தில் ஏராளமான மாஸ்டர் டேப்புகள் (பிரதிகளுக்கெல்லாம் மூலமான பதிவுகள்) சாம்பலாயின. அது பரவலாக வெளியே தெரிந்ததே 2019இல்தான்.

அப்புறம் உரிமை. பாகம் பிரிக்காத பூர்வீக வீடு மாதிரி: பத்திரம் ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம், கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. 1998இல் பாலிகிராம் இசை நிறுவனம், 2012இல் ஈஎம்ஐயின் பெரும்பகுதி என்று யுனிவர்சல் மியூசிக் கைக்குப் போனவையே எத்தனையோ. பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுக்க வக்கீல் கூலி, மாஸ்டரிங் கூலி எல்லாம் பெரிய பேண்டுக்கு ஆவதுதான் சின்ன பேண்டுக்கும் ஆகும். வாங்குபவர்கள்தான் சில ஆயிரம் பேர்.

விதிவிலக்குகள் பெரும்பாலும் சின்ன கம்பெனிகளின் புண்ணியம். அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸின் 'கோல்டு ஃபேக்ட்' ஆல்பம் 1970இல் அமெரிக்காவில் சீந்துவாரில்லாமல் கிடந்தது, தென்னாப்பிரிக்காவில் பிய்த்துக்கொண்டு போனது. அதை 2008இல் அமெரிக்காவில் மறுபடி வெளியிட்டது 'லைட் இன் தி அட்டிக்' என்ற சிறு நிறுவனம்.

மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய எல்பி (இசைத்தட்டு) கண்ணில் பட்டால், அட்டை செல்லரித்திருந்தாலும் தட்டைப் பாருங்கள். கீறல் இல்லையென்றால் வாங்கிவிடுங்கள். மாஸ்டர் டேப் தொலைந்த ஆல்பங்களை இப்படிப்பட்ட எல்பியிலிருந்தே எடுத்து மறுபதிப்புப் போட்டிருக்கிறார்கள்.