டீசல் டிரக்கின் முகப்பில் மின்வயர் தொங்குவது ஏன்?

கனடாவின் வின்னிபெக், எட்மன்டன் போன்ற ஊர்களில் டீசல் டிரக்குகளின் முகப்பிலிருந்து பிளக்குடன் ஒரு வயர் தொங்கும். அது பிளாக் ஹீட்டருடையது. எஞ்சினுக்குள் இருக்கும் கூலன்ட்டை, அதாவது ஓடும்போது எஞ்சின் கொதிக்காமல் காக்கும் திரவத்தை, சூடாக்கும் சிறு மின்சாதனம்; வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டருக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே சூடுதான். மைனஸ் 30 டிகிரியில் கிடக்கும் இரும்பு அதை உறிஞ்சிவிடுகிறது. போதாக்குறைக்கு எஞ்சின் ஆயில் மார்கழித் தேங்காய் எண்ணெய்போல் தடித்துவிடுகிறது, பேட்டரியும் சோர்ந்துபோகிறது.

கிளம்புவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு முன்பு மின்சாரம் கொடுத்தால் பெரும்பாலும் போதும். இரவு முழுவதும் எரியவிடுவது மின்கட்டணத்துக்குச் செய்யும் சேவை. ஒரு டைமர் வாங்கிவிடலாம். புறப்படும் முன் பிளக்கைக் கழற்ற மறக்காதீர்கள், வயரை அறுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு!

ஹீட்டர் போட்டால் டாங்கில் இருக்கும் டீசலும் இளகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எஞ்சினை மட்டுமே சூடாக்கும், டாங்கில் டீசலில் கலந்திருக்கும் மெழுகு குளிரில் உறையாமல் இருக்கக் குளிர்கால டீசலைத்தான் நிரப்ப வேண்டும்.