சர்வோ மாட்டியாச்சு, அப்புறம்?

பவர் மிஷின், அதாவது தொழிற்கூடத் தையல் மிஷின், பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. சுவிட்ச் போட்டதிலிருந்து ஓயாமல் சுற்றும் பழைய கிளட்ச் மோட்டாரைத் தூக்கிவிட்டு, மிதித்தால் மட்டும் சுற்றும் சர்வோ மோட்டாரை மாட்டியவர்களும், மாட்டப் போகிறவர்களும் கேட்ட கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எரர் எண் வந்ததும் மோட்டார் போச்சு என்று பதறுகிறார்கள். நான் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பெல்ட், அது ஓடும் சக்கரமான புல்லி, பெடலை மோட்டாரோடு இணைக்கும் கம்பி, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

யீஷூன் வாசகி: வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் ஜூக்கி 8700 பவர் மிஷின் வைத்திருக்கிறேன். தைக்காத நேரத்திலும் கிளட்ச் மோட்டார் இரைகிறது. சர்வோ மாட்ட, பலகையில் புது ஓட்டை போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம் அக்கா. பழைய மோட்டார் தொங்கிய அதே மூன்று போல்ட்டில் உட்கார்ந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, அடியில் ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்துவிட்டு நட்டைத் தளர்த்துங்கள். கிளட்ச் மோட்டார் நல்ல கனம். ஒருமுறை முட்டுக் கொடுக்காமல் கழற்றியதில் எனக்குக் கால் பெருவிரல் நகமே போனது.

சர்வோ மிதித்தால்தான் சுற்றும் என்பதால் அந்த ஓயாத இரைச்சல் போய்விடும். ஆனால் தைக்கும்போது கீழ்வீட்டுக்குக் கேட்பது மிஷின் தலையின், அதாவது மேசைமேல் இருக்கும் தைக்கும் பாகத்தின், அதிர்வு. அதற்கு மேசைக் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வையுங்கள். காசு வாங்கித் தைப்பதாக இருந்தால் இன்னொன்று: வீட்டிலிருந்து தொழில் செய்வதற்கான விதிகளில், வீட்டு உபயோகத்துக்கு இல்லாத கனரகச் சாதனம் கூடாது என்று இருக்கிறது. வீவகவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தேக்கா தையற்காரர்: வேகத்தை ரொம்பக் குறைத்தும், மிதித்ததும் மிஷின் குதிக்கிறது. பட்டு பிளவுஸில் கழுத்து வளைவு தைக்கவே பயம். லைனிங்கும் பைப்பிங்கும் சேரும் இடத்தில் ஊசி திணறி நின்றுவிடுகிறது.

அண்ணே, இரண்டுக்கும் ஒரே மருந்து. பழைய மோட்டாரில் இருந்த பெரிய புல்லியையே இதிலும் மாட்டியிருப்பீர்கள். வேகக் குமிழ் உச்ச வேகத்துக்குக் கடிவாளம் போடும், அவ்வளவுதான். ஊசிக்கு வலு வேண்டுமென்றால் மோட்டார் புல்லி சிறுக்க வேண்டும்.

மோட்டார் புல்லி 100 மி.மீ., தலைப் புல்லி 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் நிமிடத்துக்கு 200 சுற்றில் தவழ்ந்தாலும் தலை 250 சுற்றும். நொடிக்கு நாலு தையலுக்கு மேல்! கழுத்து வளைவில் அது குதியாகத்தான் தெரியும். 50 மி.மீ. புல்லி போட்டால் அது 125, நொடிக்கு இரண்டு. முறுக்கு விசையோ இரட்டிப்பாகும். உச்ச வேகமும் பாதியாகும்: மோட்டாரில் 3000 வைத்தால் தலைக்கு 1875. பிளவுஸுக்கு அதுவே தாராளம். நாளெல்லாம் நேர்த் தையல் ஓட்டுபவர்களுக்கு இது ஒத்துவராது.

கூடவே பெல்ட்டும் மாற வேண்டும். 100-லிருந்து 50-க்கு இறங்கினால் சுமார் 3 அங்குலம் குட்டையானது தேவை. நடுவில் விரலால் அழுத்தினால் 15 மி.மீ. போல உள்ளே போகட்டும். வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைப்பவர்களோடு எனக்கு ஓயாத சண்டை; பேரிங்கைத் தின்பது அந்த இறுக்கம்தான். தலைப் புல்லியின் பள்ளத்திலிருந்து நூலில் பாபின் கேஸைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். மோட்டார் புல்லியின் பள்ளத்துக்கு நேரே இறங்கினால் சரி.

மெதுவாகவே ஓட்டிப் பழகியதும் மறந்துபோகும் சங்கதி எண்ணெய். தானாக எண்ணெய் இறைக்கும் மிஷினில் பம்ப் வேலை செய்ய வேகம் வேண்டும். தவழவிட்டே தைத்தால் மேலே இருக்கும் எண்ணெய்க் கண்ணாடியில் ஒன்றும் தெறிக்காது, பாபினைச் சுற்றி ஓடி நூலைப் பிடிக்கும் ஹூக் காயும். தினமும் நூலையும் பாபினையும் எடுத்து, பாதத்தைத் தூக்கிவிட்டு, கண்ணாடியில் எண்ணெய் தெரியும்வரை கொஞ்சம் வேகமாக ஓட விடுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: ஓவர்லாக்கில் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மிஷின்) மாட்டினேன், சக்கரம் தலைகீழாகச் சுற்றுகிறது. மோட்டாரைத் திருப்பி மாட்டலாமா?

வேண்டாம் தம்பி. திசையை மாற்ற மோட்டாரின் செட்டிங்கிலேயே வழி இருக்கும், கையேட்டைப் பாருங்கள். சாதாரண நேர்த் தையல் மிஷினில் சக்கரத்தின் மேல்பக்கம் நம்மை நோக்கி வரும். ஓவர்லாக்கில் பல மிஷின்கள் எதிர்த்திசை. பெல்ட் மூடியில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அது சொல்வதுதான் சட்டம்.

பிடோக் வாசகி: சுவிட்ச் போட்டதும் எரர். அணைத்துப் போட்டால் சில சமயம் ஓடுகிறது, சில சமயம் இல்லை.

பெடல் கம்பியை மோட்டார் லீவரிலிருந்து கழற்றிவிட்டு சுவிட்ச் போடுங்கள். எரர் வரவில்லையா? கம்பி நீளம்தான் சரியில்லை. அது குட்டையாக இருந்தால் மிதிக்காமலே லீவர் கொஞ்சம் இழுபட்டு நிற்கும். யாரோ மிதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து மோட்டார் கிளம்ப மறுக்கும். கம்பியின் பிடி ஸ்குரூவைத் தளர்த்தி, லீவர் தன் இடத்தில் சும்மா நிற்கும் அளவுக்கு நீட்டி இறுக்குங்கள்.

அதற்கும் எரர் போகவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கனமாகச் சுற்றினால் நூல் சிக்கியதோ எண்ணெய் காய்ந்ததோ, கோளாறு தலையில். லேசாகச் சுற்றி, பெல்ட் இல்லாமலும் எரர் வந்தால்தான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஜூரோங் வாசகர்: சர்வோவைப் போட்டால் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது. எர்த் கம்பியைக் கழற்றினால் சரியாகும் என்கிறார் நண்பர்.

அந்த நண்பரை மிஷின் பக்கமே விடாதீர்கள். சர்வோ பெட்டிக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் மின்சாரம் கசியும். ஃபிரிட்ஜ், ஏர்கான் கசிவும் சேர்ந்தால் கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் விழலாம். மற்றவற்றை அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மறுபடி தேக்காவிலிருந்து: ஊசி மேலே நிற்க வேண்டியது, பாதி வழியில் நிற்கிறது.

சக்கரத்தில் மாட்டிய சென்சாரின் காந்தம் இடம் மாறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்குரூவைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இறுக்கி ஓட்டிப் பாருங்கள். நூல் இழுக்கும் லீவர் உச்சிக்கு வரும் இடத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால் அடுத்த தையல் தொடங்கும்போது ஊசியிலிருந்து நூல் உருவிக்கொள்ளும்.